எடுக்காத படம், ஓடாத கதை

ரகுபர் நிகமின் இரண்டாவது படம் படுதோல்வி அடைந்தது என்பது பம்பாயில் சினிமா சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தெரியும். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை என்பது மூன்றே மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் நிகம். இன்னொருவர் அவருடைய மனைவி கமலேஷ். மூன்றாவது ஆள் நான்.

நான் அவரிடம் இருபத்தாறு வருடம் இணை இயக்குநர். பெயர் சுடலைமுத்து, சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். பம்பாயில் இந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. தெற்கேயிருந்து வந்தவனுக்கெல்லாம் ஒரே பெயர்தான் என்று முடிவு கட்டி, முதல் நாளே ‘ஐயர்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஊர் ஐயர்கள் கேள்விப்பட்டால் என்ன சொல்வார்களோ என்று கொஞ்ச நாள் கவலைப்பட்டேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

நிகம் உத்தரப் பிரதேசத்தில் எடாவா பக்கத்துக்காரர். அப்பா ரயில்வேயில் கேட்மேன். அப்பா செத்த மறுவருடம், எழுபத்தொன்பதில், பம்பாய்க்கு ரயிலேறினார். எட்டு இயக்குநர்களிடம் உதவியாளராக இருந்து எல்லாரிடமும் திட்டு வாங்கி, தொண்ணூற்று நாலில் தன் முதல் படத்தை எடுத்தார். கான்பூரில் ஆறு வாரம் ஓடியது. பம்பாயில் ஒரு வாரம் ஓடியது, அந்த வாரமும் மழை. ‘ரொம்ப நல்ல படம்’ என்று எல்லோரும் சொன்னார்கள். ஹிந்தி சினிமாவில் ஒருவருக்கு அடுத்த படம் கிடைக்காமல் செய்ய இதைவிட மோசமாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது படத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘கேட் நம்பர் 73’. கதை இதுதான். மே மாத மத்தியானம். ஒரு லெவல் கிராசிங். கூட்ஸ் வண்டி வருகிறது என்று தகவல் வந்து கேட்மேன் கேட்டை மூடிவிட்டான். வண்டி வரவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டுவண்டியில் அவனுடைய மகள், தலைப்பிரசவ வலியில் துடிக்கிறாள். ஆஸ்பத்திரி இந்தப் பக்கம். ரயில் போகாமல் கேட்டைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். இரண்டு மணி நேரம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். கடைசியில் திறந்துவிடுகிறான். மாட்டுவண்டி தண்டவாளத்தைத் தாண்டிப் போகிறது.

இது நடந்த கதை. ஒரே ஒரு இடம்தான் வேறு. நிகமின் அப்பா கேட்டைத் திறக்கவில்லை. நிகமின் அக்கா மாட்டுவண்டியிலேயே உயிரை விட்டாள். அப்பா அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அதே கேட்டில் வேலை பார்த்தார், வீட்டில் யாரிடமும் பேசாமலே செத்துப்போனார்.

“நெஜத்துல தொறக்காத கேட்ட ஒரு தடவையாவது படத்துல தொறந்து காட்டிடணும் ஐயர்” என்று நிகம் என்னிடம் சொல்லியிருக்கிறார். “அது போதும் எனக்கு. அப்புறம் இந்த ஊர்ல எனக்கு ஒரு வேலையும் இல்ல.”

இந்த ஊரில் கதையை யாரும் படிக்க மாட்டார்கள். இயக்குநர் நேரில் உட்கார்ந்து முழுப்படத்தையும் வாயாலேயே ஓட்டிக்காட்ட வேண்டும். ‘நரேஷன்’ என்று அதற்குப் பெயர். வசனம் பேசவேண்டும், பாட்டுப் பாடவேண்டும், கேமரா எங்கே நகர்கிறது என்று கையால் காட்டவேண்டும், இடி இடிக்க வேண்டும். இடைவேளை வரும் இடத்தில் நிறுத்தினால் டீயும் சமோசாவும் வரும். கேட்பவர் “இன்டர்வெல் பிரமாதம்” என்று சொல்வார். எல்லா இன்டர்வெல்லும் பிரமாதம்தான், சமோசாவைப் பொறுத்து.

எங்கள் நரேஷனில் ரயில் என் பொறுப்பு. ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா, இரண்டு கரண்டி. தூரத்தில் வருவது, நெருங்குவது, கடந்து போவது என்று எல்லாவற்றையும் அதிலேயே கொண்டுவந்துவிடுவேன். மாட்டுவண்டி, காற்று, மகளின் முனகல், கேட்மேனின் மூச்சு எல்லாம் நிகம். கடைசியில் சாவி திரும்பும் சத்தத்தை அவர் நாக்காலேயே கொடுப்பார். அந்த இடத்தில் அழாதவர்களை நான் பார்த்ததில்லை. வட்டிக்கு விடுகிறவர்கள்கூட அழுதார்கள்.

அழுதுவிட்டு என்ன செய்வார்கள் என்றால், எழுந்து வந்து கட்டிப்பிடிப்பார்கள். “நிகம்ஜி, இந்தப் படத்த நாம செய்யறோம்” என்பார்கள். ‘வேண்டாம்’ என்ற சொல் ஹிந்தியில் இருக்கிறது. பம்பாய் சினிமாவில் அது புழக்கத்தில் இல்லை. “தீபாவளி கழியட்டும்” என்பார்கள். எந்தத் தீபாவளி என்று கேட்பது மரியாதை இல்லை. இப்படியாக நிகமுக்கு இருபது வருடத்தில் ஒரு ஆள்கூட மறுப்புச் சொன்னதில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் செய்கிறோம் என்றார்கள்.

இரண்டாயிரத்துப் பத்துவாக்கில் திவ்யலோக் ஸ்டுடியோஸ் வந்தது. கோரேகாவில் கண்ணாடிக் கட்டடம். பழைய தயாரிப்பாளர்களைப் போல மெத்தையில் சாய்ந்துகொண்டு கதை கேட்கும் பழக்கமெல்லாம் இனி கிடையாது, எல்லாம் முறைப்படி என்று அறிவித்தார்கள். கதை கேட்பதற்கென்றே ஒரு இலாகா வைத்தார்கள். அதன் தலைவி தனிஷ்கா பஜோரியா, முப்பது வயதுகூட ஆகாத பெண். அமெரிக்காவில் கேட்கப் படித்துவிட்டு வந்திருந்தாள்.

நிகம் பயபக்தியோடு பைண்டு போட்ட திரைக்கதையை நீட்டினார். அவள் பாம்பைக் கண்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

“சார், ப்ளீஸ், அத உள்ள வைங்க. படிக்கறது எங்க கொள்கையே இல்ல.”

“ஏம்மா? படிச்சாத்தான நல்லாயிருக்கா இல்லையான்னு தெரியும்?”

“படிச்சா படிச்சதுக்கு சாட்சி இருக்கும் சார். நாளைக்கு நாங்க அதே மாதிரி ஒரு படம் எடுத்தா நீங்க கோர்ட்டுக்குப் போவீங்க. காதால கேட்டா சாட்சி கெடையாது. இதெல்லாம் உங்க நன்மைக்குத்தான்.”

“என் நன்மைக்கு எப்படி?”

“கோர்ட்டுக்கு அலைய வேண்டாமே சார்!”

நிகம் என்னைப் பார்த்தார். நான் டிபன் டப்பாவைத் திறந்தேன்.

திவ்யலோக்கில் கேட்பு ஏழு கட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். அதில் முக்கியமான கேள்வி கண்ணீர் பற்றியது. ‘வரவில்லை, கலங்கியது, ஒரு கண், இரு கண், கைக்குட்டை’ என்று ஐந்து பெட்டி போட்டிருந்தார்கள். முதல் கட்டத்தில் எட்டு இளைஞர்கள் கேட்டார்கள், எட்டும் கைக்குட்டை. இரண்டாவது கட்டத்தில் விளம்பரப் பிரிவு. மூன்றாவது, சேர்மனின் ஜோசியர். அவர் கேட்மேனின் ஜாதகத்தைக் கேட்டார். நிகம் தன் அப்பாவுடையதைக் கொடுத்தார். “கண்டம் இருக்கு, ஆனா படம் நிக்கும்” என்றார் ஜோசியர். நான்காவது, சேர்மனின் கொழுந்தியாள். ஐந்தாவது, பொதுஜனப் பிரதிநிதி என்ற பெயரில் சேர்மனின் டிரைவர்.

டிரைவருக்கு ஓய்வு நேரம் கிடையாது என்பதால் ஓடும் காரில் சொல்ல வேண்டியதாயிற்று. பாந்த்ராவிலிருந்து தஹிசர் வரை போய்த் திரும்பினோம். நிகம் முன்சீட்டில் பிரசவ வலியில் முனகினார். நான் பின்சீட்டில் கூட்ஸ் வண்டியை விட்டுக்கொண்டிருந்தேன். ஜோகேஷ்வரியில் போலீஸ்காரர் காரை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். என்ன என்று விசாரித்தவர், மிச்சக் கதையையும் ஓரமாக நின்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களை அனுப்பினார். தப்பான இடத்தில் வண்டியை நிறுத்தியதற்கு டிரைவரிடம் மட்டும் அபராதம் வாங்கினார்.

ஆறாவது, கணக்குப் பிரிவு. ஏழாவது கட்டம் சேர்மன் ஜெயந்திலால் கம்பானி. சினிமாவுக்கு வருவதற்கு முன் பிளாஸ்டிக் குழாய் செய்துகொண்டிருந்தவர். சேட் கண்ணை மூடிக் கேட்டார். சாவி திரும்பியதும் அவருடைய தோள் குலுங்கியது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நிகம்ஜி” என்றார் கடைசியில். “நான் முப்பது வருஷம் குழாய் வித்தவன். குழாய் வாங்க வர்றவன் எவனும் அதுல தண்ணி வருமான்னு எங்கிட்ட கேட்டதில்ல. தண்ணி என் பொறுப்பும் இல்ல. அதே மாதிரிதான் இங்கயும் இருந்தேன். இன்னிக்கு மொதல் தடவையா தண்ணிய பாத்தேன்.”

நிகமின் கண் பளபளத்தது. “அப்ப எடுத்துடலாமா சேட்?”

“எதுக்கு?”

“இல்ல, படம்...”

“அதான் பாத்துட்டேனே! கண்ணு முன்னால முழுசா பாத்தாச்சு. பாத்த படத்தையே காசு போட்டு நான் எதுக்கு மறுபடி எடுக்கணும்? எடுத்தா இவ்வளவு நல்லா வருமா? நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு நான் துரோகம் பண்ண மாட்டேன்.” எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். “தீபாவளி கழியட்டும்.”

எங்களுக்குப் பழக்கமான இடத்துக்கு வந்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் ‘பாத்துட்டேன்’ என்று சேட் சொன்ன வார்த்தை மற்றவர்கள் தலைக்குள்ளும் வேலை செய்துகொண்டிருந்தது என்பதை நாங்கள் கவனிக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு பழைய நடிகையின் இரங்கல் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ஜுஹுவில் பெரிய ஹோட்டல். எல்லோரும் வெள்ளை உடுப்பு, கறுப்புக் கண்ணாடி. வேலை தேடுகிறவர்களுக்கு இரங்கல் கூட்டத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. அங்கே ராஜஸ்தான் பக்கம் படங்களை வாங்கி வெளியிடும் முன்னா சேட் நிகமின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நிகம்ஜி, அந்த கேட்மேன் படம். ஆஹா! இன்னும் நெஞ்சுலயே நிக்குது. பாவம், ஓடாமப் போச்சே.”

“அந்தப் படத்த நான் இன்னும் எடுக்கவே இல்லயே முன்னா பாய்.”

முன்னா சேட் அனுதாபத்தோடு சிரித்தார். “புரியுது, புரியுது. படம் ஓடலைன்னா எல்லா டைரக்டரும் இததான் சொல்வாங்க. ‘நான் நெனச்ச படத்த நான் எடுக்கவே இல்ல’ன்னு. மனச விட்டுடாதீங்க.”

அன்றைக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் அந்தப் படத்தைப் பார்த்ததாக நினைக்கிறார்கள். காட்சி காட்சியாகச் சொல்கிறார்கள். வெளியே ஜனங்களில் ஒருத்தர்கூடப் பார்த்ததில்லை. தொழிலில் இருக்கிறவர்கள் மட்டும் பார்த்து ஜனங்கள் பார்க்காத படத்துக்கு இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான் உண்டு. வியாபாரப் பத்திரிகை ஒன்று அந்த வருடம் வெளியிட்ட பட்டியலில் நிகமின் பெயருக்கு நேரே ‘கேட் நம்பர் 73: தோல்வி’ என்று அச்சாகிவிட்டது.

அதற்குப் பிறகு நரேஷனுக்கே கூப்பிடுவது நின்றது. “இவ்வளவு பெரிய அடிக்கு அப்புறம் ரெண்டு வருஷம் சும்மா இருங்க சார், மார்க்கெட் மறக்கட்டும்” என்றார்கள். எடுக்காத படத்தை மார்க்கெட் மறப்பதற்காக அறுபது வயதுக்காரர் வீட்டில் காத்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டிபன் டப்பாவை யார் தலையிலாவது போட்டிருப்பேன்.

கமலேஷ் அண்ணிதான் வழி சொன்னார். “சங்கத்துக்குத்தான் மாசாமாசம் சந்தா கட்றீங்களே, அவங்ககிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்குங்க. இந்த ஆளு இந்தப் படத்த எடுக்கலைன்னு. அத காட்டினா முடிஞ்சது.”

சங்கம் என்பது ஹிந்தி சலனச்சித்திர இயக்குநர் மேன்மைப் பேரவை. அதன் தலைவர் ஓங்கார் பேடி. கடைசியாக அவர் படம் எடுத்தது எண்பத்தேழில். அதற்குப் பிறகு முழுநேரமும் மேன்மைதான். பேரவையில் விண்ணப்பம் வாங்கும் குமாஸ்தா நிகமின் மனுவை மூன்று முறை படித்தார். அந்தக் கட்டடத்தில் படிக்கிற ஒரே ஆள் அவர்.

“படம் எடுத்ததுக்கு சர்டிபிகேட் இருக்கு. பாதி எடுத்ததுக்கு இருக்கு. எடுக்காததுக்கு ஃபாரமே இல்லயே சாப். எடுக்காதவங்க எத்தன பேரு தெரியுமா இங்க? எல்லாரும் வந்து நின்னா?”

விஷயம் தலைவரிடம் போனது. பேடி திகைத்துப்போனார். “நிகம், என்னப்பா சொல்ற? நானே பாத்தேனே! ரிலீசுக்கு முன்னாடி, ட்ரையல் ஷோவுல. முடிஞ்சு வெளிய வரும்போது கதவுகிட்ட உன்ன கட்டிப்பிடிச்சேனே!”

“எந்தத் தியேட்டர்ல பேடி சாப்?”

“அதான்பா... சமோசா நல்லாயிருக்குமே, அந்தத் தியேட்டர்.”

அவர் கட்டிப்பிடித்தது வாஸ்தவம். நிகம் வீட்டு வரவேற்பறையில், இரண்டாயிரத்து ஐந்தில். சமோசா அண்ணி செய்தது.

ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா? மூன்று மூத்த இயக்குநர்கள் கொண்ட விசாரணைக் குழுவைப் பேரவை அமைத்தது. நானும் நிகமும் எதிரே உட்கார்ந்தோம். ஒருவர் இடைவேளை ரயில் விசிலுக்கு முன்னால் வந்தது என்றார். இன்னொருவர் விசிலுக்குப் பிறகு என்றார். நாற்பது நிமிடம் சண்டை. மூன்றாமவர் கண்ணை மூடி யோசித்து, “ரெண்டாவது பாதில பன்னெண்டு நிமிஷம் கொறச்சிருக்கலாம். அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன், மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன்” என்றார். நிகம் எழுந்து, “ஐயா, எடுக்காத படத்துல எத கொறைக்கறது?” என்று கேட்டார். தன் படத்தின் நீளத்தைப் பற்றிய விமரிசனத்தைத் தாங்க முடியாமல் இயக்குநர் உணர்ச்சிவசப்பட்டார் என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. படம் உண்டு. நீளம் இரண்டு மணி நாற்பது நிமிடம். இயக்குநர் மனம் தளரக் கூடாது.

ஓடாத படத்துக்கு இந்த ஊரில் இன்னொரு கதியும் உண்டு. கொஞ்ச வருடம் போனால் அது காவியம் ஆகிவிடும். ஒரு இளம் விமரிசகர், ‘ரயிலைக் கடைசிவரை காட்டாமல் ஓசையிலேயே நிறுத்திய துணிச்சல் ஹிந்தி சினிமாவில் வேறு யாருக்கும் வரவில்லை’ என்று நாலு பக்கம் எழுதினார். அந்த ஓசையில் உலோகத்தின் தனிமை கேட்கிறதாம். இரண்டு கரண்டியால் தட்டுகிறவனுக்கு இதைப் படித்ததும் கொஞ்சம் கர்வம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. திரைப்பட விழா ஒன்றில் அந்தப் படத்தைப் போடவேண்டும் என்று கேட்டார்கள். பிரிண்ட் எங்கே என்று தேட ஆரம்பித்தார்கள். தேடலுக்கு ஒரு குழு, அதற்கு ஒரு அலுவலகம், அலுவலகத்துக்கு இரண்டு ஏசி.

“அந்தச் செலவுல பாதி குடுத்தா படத்தையே எடுத்துடுவேனேய்யா!” என்று நிகம் அவர்களிடம் கெஞ்சினார்.

“உங்க வேதனை புரியுது சார்” என்றார்கள். “கவலப்படாதீங்க, கண்டுபிடிச்சுடுவோம்.”

ஒருநாள் சோர் பஜாரில் பழைய போஸ்டர் விற்கிற கடையில் நானும் நிகமும் அதைப் பார்த்தோம். கையால் வரைந்த போஸ்டர். மூடிய கேட், மாட்டுவண்டி, பின்னால் சிவந்த வானம். ‘கேட் நம்பர் 73, இயக்கம்: ரகுபர் நிகம்’.

“ஒரிஜினலா?” என்று கேட்டேன் கடைக்காரரிடம்.

“சத்தியமா பாய்! நம்ம ஊர்லயே ரெண்டு காப்பிதான் மிச்சம். ஒண்ணு போன வாரம்தான் வெள்ளக்காரன் வாங்கிட்டுப் போனான்.”

நிகம் சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் போஸ்டரை வெயிலில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “மாடு நல்லா வந்திருக்கு” என்றார். பிறகு பேரம் பேசி வாங்கிக்கொண்டார். அதில் இணை இயக்குநர் பெயர் இல்லை என்பதை நான் அப்போது சொல்லவில்லை.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் திவ்யலோக் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. காணாமல்போன காவியமான ‘கேட் நம்பர் 73’ மறுபடி எடுக்கப்படுகிறது. இயக்கம் வீர் பேடி, பேரவைத் தலைவரின் மகன், வயது இருபத்தொன்பது. நாங்கள் கோரேகாவுக்கு ஓடினோம். தனிஷ்கா இப்போது துணைத் தலைவி.

“இத நான் எடுக்கறேன்மா” என்றார் நிகம். “சம்பளம்கூட வேண்டாம். என் அப்பா கதம்மா இது.”

“சார், மனசறிஞ்சு சொல்லுங்க. உங்களுக்கு ஒரு வாய்ப்பு கெடச்சுது. ஓடல. மறுபடி உங்ககிட்டயே குடுத்தா போர்டுல என்ன கேப்பாங்க?”

“எனக்கு வாய்ப்பே கெடைக்கலம்மா! நான் அத எடுக்கல!”

தனிஷ்கா கம்பெனி வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் தொண்டையைக் கனைத்தார். “நிகம்ஜி, உங்க நல்லதுக்குச் சொல்றேன். நீங்க எடுத்திருந்தா இது ரீமேக். டைட்டில்ல உங்க பேரு வரும், ‘மூலப்படம் இயக்கம்’னு. நீங்க எடுக்கலைன்னா மூலப்படமே இல்ல. அப்ப இது வீர் பேடியோட சொந்தக் கத. எழுத்துல நீங்க எதுவும் குடுக்கலையே எங்களுக்கு? ஏழு தடவ வாயால சொன்னீங்கதான். யாரு சாட்சி?”

“நான் சாட்சி” என்றேன்.

“நீங்க யாரு?”

“ரயில்.”

வக்கீல் என் பெயரைக் குறித்துக்கொள்ளவில்லை. ஒரு தாளை நிகம் முன்னால் நகர்த்தினார். ‘கேட் நம்பர் 73 என்ற திரைப்படத்தை நான் எடுத்து முடித்து வெளியிட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.’ கீழே கோடு. யோசிக்க ஒரு வாரம்.

அந்த வாரம் நிகம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணி ரொட்டியைச் சுட்டு அடுக்கிவிட்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருந்தார். “போடாதீங்க” என்றார் ஒருநாள். “போட்டுட்டீங்கன்னா அப்புறம் எந்தக் காலத்துலயும் எடுக்க முடியாது. அவங்களே எடுக்கட்டும், அவங்க கதன்னே சொல்லிக்கட்டும். உங்களது உங்ககிட்ட இருக்கும்.”

“எங்க இருக்கும் கமலேஷ்? வாயிலயா?” என்றார் நிகம். “எனக்கு அறுபத்தஞ்சு ஆச்சு. போன வாரம் வீட்ல சொல்லிப் பாத்தப்ப கேட்மேனோட மூச்சு வரல, கெழவன் என் மூச்சுதான் வாங்குச்சு. இன்னும் எத்தன பேருக்குச் சொல்றது? பேரையாவது போடட்டும். அப்பா கதைல எங்கயாவது ஒரு மூலைல நிகம்னு இருக்கட்டும்.”

கையெழுத்துப் போட்டார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு மட்டும் என்னை ஏற்றுக்கொண்டார்கள்.

படம் மறு வருடம் முடிந்தது. ட்ரையல் ஷோவுக்கு எங்களை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். நிகமின் பெயர் இரண்டு விநாடி வந்து போனது. வீர் பேடியின் கேட்மேன் முன்னாள் ராணுவ வீரன், கேட்டைத் திறப்பதற்குப் பதிலாக ஜீப்பால் இடித்துக்கொண்டு போகிறான். கூட்ஸ் வண்டி குண்டு வெடித்துக் கவிழ்கிறது. மகளுக்கு இரட்டைக் குழந்தை. நிகம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது வழக்கம்போல எல்லோரும் கதவருகே நின்று கட்டிப்பிடித்தார்கள். வீர் பேடியை அல்ல, நிகமை.

“என்ன சொல்லுங்க நிகம்ஜி, உங்க படம் மாதிரி வரல” என்றார் சேட் கம்பானி. “ஒரிஜினல் ஒரிஜினல்தான்.”

“பையன் கொஞ்சம் அவசரப்பட்டுட்டான்” என்றார் ஓங்கார் பேடி. “உன்னோடதுல அந்த சாவி திரும்பற எடம்! அடடா!”

விமரிசகர் மைக்கை நீட்டினார். “சார், அந்தக் கடைசி ஷாட், கேட் தொறக்கறது. எத்தன டேக் போச்சு?”

நான் நிகமின் முகத்தைப் பார்த்தேன். எடுக்கவே இல்லை என்று இத்தனை வருடமும் சொன்ன அதே பதிலைச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

“ஒண்ணுதான்” என்றார் நிகம். “ரெண்டாவது எடுக்க மனசு வரல.”

ஆட்டோவில் திரும்பினோம். அந்தேரி சிக்னலில் நின்றபோது என் முழங்கையைத் தொட்டார்.

“ஐயர், அன்னிக்கு நமக்கு கேமரா யாரு? பேரு நாக்குல நிக்குது, வரமாட்டேங்குது.”

விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். விளையாடவில்லை. நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கிறவர் பெயரைச் சொன்னால் நாளைக்கு யாராவது போய்க் கேட்பார்கள். அதனால் செத்துப்போன ஒரு கேமராமேன் பெயரைச் சொன்னேன்.

“ஆமா, ஆமா. நல்ல வேலக்காரன்” என்றார் நிகம். “என்னா வெயில் அன்னிக்கு. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டே இருந்தோம். அப்பாகூட ஷூட்டிங் பாக்க வந்திருந்தாரே, ஞாபகம் இருக்கா உனக்கு? கேட் தொறந்ததும் தலைல துண்டப் போட்டுக்கிட்டு அழுதாரே.”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அவருடைய அப்பா செத்து நாற்பது வருடம் ஆகியிருந்தது. இந்த ஊரில் நான் யாரிடமும் இவ்வளவு நிச்சயமாக எதையும் சொன்னதில்லை.

“வந்திருந்தார் சாப்” என்றேன். “மூணாவது நாள்.”